பெரியவளின் தேதி

என் பழைய அலுவலகத்தில் இப்போதெல்லாம் கணினி பார்த்துச் சொல்லிவிடுகிறதாம். தம் பிறப்பு பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு வருகிறவரின் பெயரைத் தட்டினால் போதும். உண்டு, இல்லை என்று உடனே விடை வந்துவிடுகிறதாம். ஓய்வூதியத் தாள்களில் ஒரு திருத்தம் வேண்டி அண்மையில் அங்கே போயிருந்தபோது, என் நாற்காலிக்கு வந்திருக்கும் இளைஞர் இதைப் பெருமையோடு சொன்னார். "அந்தக் காலத்துல ஒவ்வொரு பக்கமா பொரட்டுவீங்களாமே சார், பாவம்" என்று என்மீது இரக்கமும் காட்டினார்.

"தம்பி, கொழந்தை பொறந்த அன்னிக்கு அதுக்குப் பேர் இருக்குமா?" என்று கேட்டேன்.

"இருக்காது சார்."

"அப்போ பேரைத் தட்டி எதைத் தேடறீங்க?"

அவர் சிரித்தார். வயதானவர்களின் பேச்சுக்கு விடை தேவையில்லை என்று தீர்மானித்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் நகராட்சி அலுவலகம் ஒன்றின் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், அங்கே இன்னும் அமர்ந்திருப்பவர்கள் தங்களைப் பற்றி நூலில் வந்துவிட்டதென்று மகிழ்ந்து போவார்கள். புலவர் பட்டம் பெற்றிருந்த எனக்குத் தமிழாசிரியர் பணி வாய்க்கவில்லை; எழுத்தர் பணி வாய்த்தது. தொடக்க ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேடுகளைப் படிக்கப் பழகுவதிலேயே போயின. அந்தப் பதிவேடுகளில் ஆண்டும் நாளும் மணியும் எண்ணால் எழுதப்படவில்லை, எழுத்தால் எழுதப்பட்டன. தந்தை வந்து அறிவிக்க, சாட்சிகள் கையொப்பமிட, ஒரு குழந்தை முழு வாக்கியமாகப் பதிவேட்டுக்குள் நுழைந்தது. பின்னால் வந்த நாம் அந்த வாக்கியத்தை உடைத்துக் கட்டங்களாக்கினோம். கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பவில்லை.

பிறப்புப் பதிவைத் தேடி வருகிறவர்கள், எங்கே பிறந்தோம், எப்போது பிறந்தோம் என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொண்டு வருவார்கள். குடும்ப அட்டை இருக்கும், வாக்காளர் அட்டை இருக்கும், தெரிந்த கவுன்சிலரின் பரிந்துரை இருக்கும். ரெட்டியார்பாளையத்திலிருந்து கடவுச்சீட்டுக்காக வந்த ஒருவரோடு நடந்த உரையாடல் இது. இதே உரையாடலை எத்தனையோ பேரோடு நடத்தியிருக்கிறேன்.

"எங்க பொறந்தீங்க?"

"ரெட்டியார்பாளையம் சார்."

"அங்க குடியிருக்கீங்க. பொறந்தது எங்க?"

"அதான் சார், சொந்த வூடு."

"அம்மாவுக்கு நீங்க தலைப்பிள்ளையா?"

"ஆமா சார்."

"அம்மா பொறந்த ஊரு?"

"விழுப்புரத்தாண்ட."

"அப்போ விழுப்புரத்துல போய்க் கேளுங்க."

"என்னா சார் இப்படிச் சொல்றீங்க? நான் பரம்பரைப் புதுச்சேரிக்காரன் சார்!"

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். பிறப்போ பிறந்த இடத்தில் பதிவாகிறது. வாழும் ஊரில் அது பதிவாவதில்லை. இந்த ஊரில் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. பரம்பரைப் பெருமை பேசிய பலரை விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் அனுப்பிவைத்திருக்கிறேன். போனவர்கள் பதிவைக் கண்டெடுத்துக்கொண்டார்கள். என்னை மட்டும் மன்னிக்கவில்லை.

பள்ளித் தேதியின் கதை இதைவிட இழிந்தது. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடும் குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்ததாகக் கொண்டு தலைமையாசிரியர்கள் தேதி போட்ட காலம் ஒன்று இருந்தது. கை நீண்ட குழந்தைகள் விரைவில் மூப்படைந்தன. பிற்காலத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்கத் தொடங்கினார்கள். அப்போது பெற்றோர், வீட்டில் எந்தத் தாள் கையில் அகப்பட்டதோ அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அது யாருடைய தாள் என்று எந்தப் பள்ளியும் கேட்கவில்லை.

இனி என் மேலதிகாரியைப் பற்றி. அவரை இராசரத்தினம் என்று அழைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு மனுவையும் அவர் தள்ளுபடி செய்ததுமில்லை. மனு வந்ததும் கைக்குட்டையால் மேசையைத் துடைப்பார். துடைத்த இடத்தில் மனுவை வைப்பார். முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை படிப்பார். பிறகு தலை நிமிர்ந்து, மிகுந்த பரிவோடு, "இதுக்கு அத்தாட்சி?" என்பார். அத்தாட்சி கொடுத்தால் அந்த அத்தாட்சிக்கு அத்தாட்சி கேட்பார். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். கேட்டுக்கொண்டே இருப்பவரை எதிர்த்து எங்கே போவது? மக்கள் தாமாகவே களைத்து வராமல் நின்றுவிடுவார்கள். தீர்க்கப்படாத மனு எதுவும் தம் மேசையில் இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்வார். அவரைக் கண்ணியமானவர் என்று அனைவரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை, எவருக்கும் எந்த நன்மையும் செய்யாமலிருக்க அத்தனை கண்ணியம் தேவைப்படத்தான் செய்கிறது.

சுனாமிக்குச் சில ஆண்டுகள் கழித்து, ஆவணி மாதத்து முற்பகல் ஒன்றில், பள்ளிச் சீருடையில் ஒரு பெண் தனியாக வந்தாள். பெயர் கெங்கையம்மாள், பன்னிரண்டாம் வகுப்பு. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் வீடு. தந்தை கலியமூர்த்தி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தாய் தனம், துறைமுக ஏலத்தில் மீன் எடுத்து முதலியார்பேட்டைத் தெருக்களில் விற்பவள்.

"நான் பொறந்தத எழுதி வச்சிருக்காங்களான்னு பாக்கணும் சார்."

"எதுக்கும்மா?"

"எனக்குக் கல்யாணம் வச்சிட்டாங்க. வர்ற வளர்பிறையில. போட்டுக்காரர் தம்பிக்கு." தந்தை வேலை பார்க்கும் படகின் உரிமையாளரைச் சொன்னாள். "சமூகநலத் துறையில ஒரு மேடம்கிட்ட போய்ச் சொன்னேன். பதினெட்டு ஆவலன்னா நிறுத்திடலாம், பொறப்புச் சான்றிதழ் எடுத்துக்கினு வான்னாங்க. பள்ளிக்கூடத்துல சித்திரையிலயே எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சின்னு இருக்குது."

"அப்போ ஆயிடுச்சுதானே?"

"நான் ஐப்பசி மழையில பொறந்தேன் சார். வூட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சாம், ஆஸ்பத்திரிக்குப் போவ முடியல, கட்டில் மேலயே பொறந்தேன்னு அம்மா சொல்லியிருக்குது. சித்திரையில ஏது சார் மழை?"

அவளை இராசரத்தினத்திடம் அழைத்துப் போனேன். மேசையைத் துடைத்தார். மனுவைப் படித்தார்.

"வயசு என்னம்மா?"

"பதினேழு சார்."

"அப்போ மைனர். மைனர் மனு குடுக்க முடியாது. அப்பாவை அழைச்சிட்டு வா."

"அவருக்குத் தெரியாமதான் சார் வந்திருக்கேன்."

"பதினெட்டு ஆயிடுச்சுன்னா நீயே குடுக்கலாம்."

"ஆவலன்னு காட்டத்தானே சார் கேக்கறேன்?"

"ஆவலன்னா அப்பாவை அழைச்சிட்டு வா."

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. சொன்னதன் விந்தை அவர் செவிக்கே எட்டவில்லை. திருமணத்தை நிறுத்த வந்த பெண்ணிடம், திருமணம் செய்துவைக்கிறவரின் கையொப்பத்தை வாங்கிவரச் சொன்னார்; அதையும் மெல்லிய குரலில், ஒரு தகப்பனைப் போலச் சொன்னார்.

"ஐயா, பதிவேட்டுல தேடச் சொல்லி யார் வேண்ணாலும் கேக்கலாம். வயசுக் கட்டுப்பாடு கிடையாது" என்றேன்.

"சட்டம் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சதைத்தான் ஞாபகப்படுத்தறேன்."

அலுவலகத்துக்குக் கணினி வந்த புதிது. பழைய பதிவுகளில் பெரும்பகுதியை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஏற்றியவர்களுக்கும் பதிவுகளுக்கும் இருந்த உறவு, மூட்டை தூக்குகிறவருக்கும் மூட்டைக்குள் இருப்பதற்கும் உள்ள உறவு. கணினி இயக்குநர் பெயரைத் தட்டினார்.

"வந்துடுச்சு சார்! கெங்கையம்மாள், அப்பா கலியமூர்த்தி, அம்மா தனம். சித்திரை மாசந்தான். பள்ளிக்கூடத் தேதியேதான் சார்."

பதிவேட்டை எடுத்து நானும் பார்த்தேன். மருத்துவமனையில் நிகழ்ந்த பிறப்பு. பெயர் பின்னர் சேர்க்கப்பட்டிருந்தது. எல்லாக் கட்டங்களும் முறையாக நிரம்பியிருந்தன. அவள் சொன்ன ஐப்பசி மாதத்தை அதே ஆண்டில் தேடினேன். அந்தத் தாய்தந்தைக்கு வேறு குழந்தை பிறந்ததாக அங்கே எதுவும் இல்லை.

இராசரத்தினம் அன்று அத்தாட்சி கேட்கவில்லை. பணிக்காலம் முழுவதும் எந்தத் தாளையும் ஐயுற்றவர், ஐயுறவேண்டிய அந்த ஒரே தாளில் உடனே கையொப்பமிட்டார். "பதிவு இருக்குதும்மா. சரியா இருக்குது. சந்தோஷமாப் போ" என்று சான்றிதழை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "இது நான் இல்ல சார்" என்றாள்.

"அப்போ நீ யாரு?" என்றார் அவர். அலுவலகம் முழுவதும் சிரித்தது. கணினி இயக்குநர், "ஆள் மாறாட்டம் சார்" என்று தம் பங்குக்குச் சொன்னார். சான்றிதழில் பெயர், தந்தை பெயர், தாய் பெயர் மூன்றும் ஒத்திருக்க, ஒரு பெண் நின்றுகொண்டு தான் அவளில்லை என்று சொல்வது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், வளர்பிறை எவருக்கு நெருங்கிக்கொண்டிருந்ததோ அவளைத் தவிர மற்றவர்களுக்கு.

"அம்மாவை அழைச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் தாயும் மகளும் வந்தார்கள். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு வரும்படி கடைநிலை ஊழியர் விரட்டினார். "வெளிய வச்சா நாயி தின்னும், நீயா காவல் இருப்ப?" என்று தனம் கூடையோடு உள்ளே வந்து, அதிகாரியின் மேசையருகே அதை இறக்கினாள். அவர் கைக்குட்டையை இம்முறை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"இது உன் பொண்ணா?"

"ஆமா சார்."

"பேரு?"

"கெங்கையம்மா."

"புருஷன் பேரு கலியமூர்த்திதானே? சித்திரை மாசம் ஆஸ்பத்திரியில பொண்ணு பொறந்துதா இல்லியா?"

"பொறந்துது."

"பின்ன என்னம்மா தகராறு?"

தனம் மகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "அது பெரியவ சார்" என்றாள்.

அதுவரை மகளுக்கே தெரியாத செய்தி அது என்பதை அந்தப் பெண்ணின் முகம் காட்டியது.

தனம் சொன்னது இது. பெண் குழந்தை பிறந்தால் கெங்கையம்மன் பெயரை வைப்பதாக அவர்கள் நேர்ந்துகொண்டிருந்தார்கள். சித்திரையில் பிறந்த மூத்தவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவள் சில மாதங்களே இருந்தாள், காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை போனாலும் நேர்த்தி போவதில்லை. ஆகவே, அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் வீட்டிலேயே பிறந்தவளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். போனவளைப் பற்றி இருப்பவளிடம் பேசினால் இவளுக்கும் ஆகாது என்று, வீட்டில் எவரும் வாய் திறக்கவில்லை. பள்ளியில் சான்றிதழ் கேட்டபோது கலியமூர்த்தி பெட்டியைத் துழாவி, அதிலிருந்த மூத்தவளின் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். பெயர் ஒன்றே, எவர் கேட்கப்போகிறார்கள்?

நான் அடுத்த ஆண்டின் பதிவேட்டை எடுத்தேன். ஐப்பசியில் அந்தப் பதிவு இருந்தது. மழை வடிந்தபின் ஊர்ச் செவிலி அறிவித்திருந்தாள். பெண் குழந்தை, தந்தை கலியமூர்த்தி, தாய் தனம், பிறந்த இடம் வீடு. பெயருக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. பெயரைச் சேர்க்க எவரும் வரவில்லை. பெயர் இல்லாத காரணத்தால் கணினியின் கண்ணுக்கும் அது படவில்லை.

கணக்கு எளிதாக முடிந்துவிட்டது என்று எண்ணினேன். எளிதானவற்றை முடிய விடுவது இராசரத்தினத்தின் இயல்பன்று. இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்துக்கொண்டார்.

"முதல் பொண்ணு இறந்ததைப் பதிவு பண்ணியிருக்கியா?"

"இல்ல சார். பச்சப்புள்ள. பொதைச்சிட்டோம்."

"அப்போ பதிவேட்டுப்படி ரெண்டு பொண்ணும் உயிரோட இருக்காங்க."

"இல்ல சார், அவ செத்துட்டா."

"அது நீ சொல்றது. நான் பதிவேட்டைத்தான் பார்ப்பேன். இவ ரெண்டுல எவன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, முறையான தீர்வொன்றைக் கண்டுபிடித்துவிட்ட நிறைவோடு சொன்னார்: "ஒண்ணு பண்ணு. பெரியவளையும் அழைச்சிட்டு வா."

என் பணிக்காலத்தில் மடமையான ஆணைகள் பலவற்றைப் படியெடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆனால், இறந்த குழந்தையை நேரில் முன்னிலைப்படுத்துமாறு பெற்றவளுக்கு வாய்மொழியாக இட்ட ஆணை இது ஒன்றுதான். அவர் கல் நெஞ்சர் என்று சொல்லமாட்டேன். கல் நெஞ்சருக்குத் தாம் செய்வது தெரியும். இவருக்கு அந்தப் பெண்கள் இருவரும் இரண்டு வரிகள். ஒரு வரி வந்திருக்கிறது, இன்னொரு வரியும் வரவேண்டும், அவ்வளவே.

தனம் கூடையைக் காலால் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"சரி சார். மம்மட்டி இருந்தா குடு."

"என்ன?"

"தோண்டி எடுத்தாறேன். எந்த எடம்னு எனக்குத் தெரியும். உன் மேசை மேலயே வைக்கறேன், நல்லா பாத்துக்க."

சாளரத்துக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "என்னாய்யா கேட்டான் அந்தம்மாவ?" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் உரக்கவே கேட்டார். நான் ஐப்பசிப் பதிவின் படியை எழுதி அதிகாரியின் முன் வைத்தேன்.

"ஐயா, பதிவு இருக்குதுன்னு சொல்றதுதான் நம்ம வேலை. அது யாருன்னு தீர்மானிக்கறது கேட்டனுப்பின சமூகநலத் துறையோட வேலை. நமக்கு எதுக்கு அந்தப் பாரம்?"

பொறுப்பு வேறொரு துறைக்குப் போகிறது என்று கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. கையொப்பமிட்டார். தாய்மையும் மரணமும் அசைக்காத பேனாவை அந்த ஒரு சொற்றொடர் அசைத்தது.

சமூகநல அலுவலர் அன்றே தனத்திடம் எழுத்து வாக்குமூலம் பெற்றார். செவிலியின் பதிவோடு அதைச் சேர்த்து, காவலர்களோடு போய்த் திருமணத்தை நிறுத்தினார். மறுநாள் கலியமூர்த்தி எங்கள் சாளரத்துக்கு வந்தார்.

"பெத்தவன் நானு. தேதி சொல்றவன் நீயா?" என்று என்னைக் கேட்டார்.

"தேதி சொன்னது உங்க சம்சாரம்."

"இந்தா பாரு, சர்க்கார் முத்திரை." சட்டைப் பையிலிருந்து மூத்தவளின் சான்றிதழை எடுத்துக் காட்டினார். "இந்தப் பேருக்கு இந்தத் தேதி. இங்க நிறுத்துனா என்னா, கடலூர்ப் பக்கம் ஒரு கோயில்ல கட்டி வச்சிட்டுப் போறேன். அங்க எவன் கேப்பான்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் எவரும் கேட்கமாட்டார்கள். செத்த குழந்தையின் தாள் செல்லுபடியாகிக்கொண்டிருக்கும் வரை, உயிரோடிருப்பவளுக்கு அது வயதைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

இதை நான் தனத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே அவள் தனியாக வந்தாள்.

"பெரியவ செத்தத எழுதணும் சார்."

இராசரத்தினம் மேசையைத் துடைத்தார். "இத்தனை வருஷம் கழிச்சா? அதுக்கு அத்தாட்சி?"

"எங்க போனா கெடைக்கும்னு மட்டும் சொல்லு சார். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஓராண்டு கடந்த இறப்பைப் பதிவதற்கு நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும். அன்று புதைக்கப் போனவர்களில் இருவர் தெருவிலேயே இருந்தார்கள். அவர்களைச் சாட்சிகளாக அழைத்துக்கொண்டு நீதிமன்றம் போனாள். விசாரணை தள்ளிக்கொண்டே போன அந்த நாள்களில், கணவர் கடலூருக்குக் கொண்டுபோய்விடாதபடி மகளைத் தன்னோடேயே துறைமுகத்துக்கு அழைத்துப் போவாள். பள்ளி வாசல் வரை கூடையோடு போய் விட்டுவருவாள். கணவர் இரண்டு முறை அடித்தார் என்று வரிசையில் நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை.

மழைக்காலம் கழிந்தபின் ஆணை வந்தது. இறப்புப் பதிவேட்டில் நானே எழுதினேன். பிறப்புப் பதிவின் ஓரத்திலும் இறந்த செய்தியைக் குறித்தேன்; கணினியிலும் ஏற்றவைத்து, ஏற்றியதை நின்று பார்த்தேன்.

சான்றிதழ் வாங்கத் தாயும் மகளும் வந்தார்கள். தனத்துக்குப் படிக்கத் தெரியாது. "படிடி" என்றாள்.

அந்தப் பெண் படித்தாள். பெயர் கெங்கையம்மாள். பாலினம் பெண். தந்தை, தாய், இறந்த இடம். தன் பெயரையே இறந்தவளின் பெயராக, வகுப்பில் பாடம் ஒப்பிப்பதைப்போல நிறுத்தி நிறுத்திப் படித்து முடித்தாள்.

"பேரு சரியா இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அப்பன் பேரு?"

"அதுவும் இருக்குது."

தனம் தாளை வாங்கி, எழுத்தின்மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். பிறகு மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் செருகிக்கொண்டு, கூடையைத் தூக்கினாள்.

"அந்தாளு கையில இருக்கற காயிதத்த எடுத்துக்கினு இனிமே எந்த ஊருக்கு வேணும்னாலும் போவட்டும்" என்றாள். "எவளுக்குத் தாலி கட்டி வைக்கறான்னு நானும் பாக்கறேன்."